வாடகை உடை

சுற்றறிக்கை வந்தது புதன்கிழமை.
பன்முகப் பண்பாட்டு விழா,
வெள்ளிக்குள் நடத்திப் படம் அனுப்ப வேண்டும்.
மண்டபத்தில் எங்கள் தொடக்கப்பள்ளிக்கு
அறை மூன்று, வேப்பமரம் ஒன்று,
பிள்ளைகள் முப்பத்தொன்று.
மாநிலங்களோ இருபத்தெட்டு.
மூன்று பேர் மிச்சம் என்று
கணக்கில்தான் முதலில் போனது புத்தி.

இராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம்
உடை வாடகைக்குத் தரும் கடையில்
ஒன்பதுதான் கிடைத்தது.
மற்றவர்க்கு அட்டையில் பெயர் எழுதிக்
கழுத்தில் மாட்டலாம் என்றார் தலைமையாசிரியர்.
நாலு மணிக்குள் திரும்பாவிட்டால்
இன்னொரு நாள் வாடகை.

சகாய டைசனுக்குப் பஞ்சாப்.
தாடியை ஒட்டியதும் தும்மினான்,
தாடி மணலில்.
ருகையா காஷ்மீர் ஆனாள்.
கம்பளி அங்கிக்குள்ளிருந்து கேட்டாள்,
"அந்த ஊர்ல யாருக்கும் வேர்க்காதா டீச்சர்?"

நம்புச்செல்விக்கு விழுந்தது ஒடிசா.
சிவப்புக் கரைப் புடவை,
கடைக்காரர் சொன்னபடி
ஊக்கு ஊக்காகக் குத்திக்கொண்டிருந்தேன்.
லிப்சா வந்து நின்றாள்.
பாலத்து வேலைக்கு வந்தவரின் மகள்,
கழுத்தில் 'கேரளம்' தொங்கியது.
எட்டு மாதமாய் என் வகுப்பில்
நண்டைக் கண்டால் மட்டும்
"கங்கடா" என்று வாய் திறப்பவள்.
இப்போதும் ஒன்றும் பேசவில்லை.
ஊக்குகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
கொசுவத்தைப் பின்னால் கொண்டுபோனாள்,
முந்தியை இடுப்பில் செருகினாள்,
தள்ளி நின்று பார்த்து
ஒரு மடிப்பை மட்டும் தளர்த்திவிட்டாள்.
தினமும் விடியலில்
அம்மா கட்டுவதைப் பார்த்த விரல்கள்.
கேட்காமல் அவளைக் கேரளமாக்கியது நான்தான்.
மூடிய கைக்குள்
ஊக்குகள் குத்திக்கொண்டே இருந்தன.

நிதுர்சன் வரிசைக்கு வரவில்லை.
முகாமிலிருந்து வருகிறவன்.
பெயர் கூப்பிட்டால் மற்றவர்கள்
"உள்ளேன் டீச்சர்" என்பார்கள்,
அவன் "ஓம்" என்பான்.
பரமக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில்
சாமி பக்தி முற்றிய பிள்ளை என்று நினைத்தேன்.
பிறகு அவன் தங்கையும் ஓம்,
முகாம் பிள்ளைகள் ஏழு பேரும் ஓம்.
'ஆமாம்' என்பதற்கு
அவர்கள் வீட்டுச் சொல்லாம்.

அவன் பிறந்தது மண்டபம்.
அவன் அம்மா பிறந்ததும்
அதே முகாமில், அதே வரிசை வீட்டில்.
மிச்சமிருந்த அட்டைகளை
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்,
அசாம், கோவா, மணிப்பூர்.
"நான் எந்த மாநிலம் டீச்சர்?"

தமிழ்நாடு அட்டையும் அதில் இருந்தது.
எடுக்கத்தான் கை போனது.
பாதி வழியில் ஏன் நின்றது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அதற்குள் அவனே,
"நான் மணி அடிக்கிறன் டீச்சர்.
மணிக்கு உடுப்பு வேண்டாம்தானே."

அடித்தான்.
தொங்கும் தண்டவாளத் துண்டு அதிர்ந்ததில்
பாம்பன் வரை
பள்ளி தொடங்கியிருக்கும்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை.
நாங்கள் அனுப்பிய படத்தில்
இந்தியா முழுக்கச் சிரிக்கிறது.
இடது ஓரத்தில்
இரும்புக் கம்பி பிடித்த ஒரு கை மட்டும்.

மதியம் முட்டையோடு
ருகையாவின் உம்மா கொடுத்துவிட்ட தொதல்.
"இது எங்கட வீட்டுச் சாமான்" என்றான் நிதுர்சன்.
"போடா, கீழக்கரைத் தொதல், எங்க மாமி கிண்டுனது."
"எங்கட அம்மாவும் கிண்டுறவ."
"ஒங்கம்மா எங்களப் பாத்துப் படிச்சிருப்பாங்க."
சண்டை முற்றுவதற்குள்
டைசன் பாதியைத் தின்றுவிட்டான்.
இருவரும் சேர்ந்து அவனைத் துரத்தினார்கள்,
பின்னால் புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு
ஒடிசா,
அதன் பின்னால் "கங்கடா, கங்கடா" என்று
கேரளம்.
எங்கேயும் நண்டு இல்லை.
கத்த அவளிடம் இருந்த
ஒரே சொல் அதுதான்.

உடைகளை மடித்து
அட்டைப்பெட்டியில் அடுக்கினேன்.
கம்பளி அங்கியில் இன்னும் ஈரம்.
நாலடிக்கப் பத்து நிமிடம்,
கைபேசியில் தலைமையாசிரியர்:
"எல்லாம் எண்ணி வச்சாச்சா டீச்சர்?"

"ஓம்" என்றேன்.

அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தாடி மட்டும் ஒண்ணு குறையுது சார்."